மண் கேட்ட சக்கரம்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில், நடவுக்கு முன்பு தண்ணீர் கட்டிய வயலுக்குள் இறங்கவிருக்கும் டிராக்டரை வரப்போரத்தில் நிறுத்தி, அதன் பின்சக்கரங்களில் இரும்புப் பட்டைகளாலான கூண்டு போன்ற சக்கரங்களைப் பூட்டுகிற காட்சியை நம்மில் பலரும் பார்த்திருப்போம். உழவர்கள் அதைக் கேஜ் வீல் என்பார்கள். ரப்பர் டயர் நல்ல நிலையில் இருக்கும்போதே இரும்பைத் தேடிப் போவானேன் என்று ஒரு சிறுவன் கேட்டால், ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட முடியாது. முழுமையாகச் சொல்லப் புகுந்தால், அமெரிக்காவின் பழத்தோட்டங்களையும், மலேயாவின் ரப்பர்க் காடுகளையும், அயர்லாந்தின் உழுநிலங்களையும் சுற்றிக்கொண்டுதான் தஞ்சாவூருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். டிராக்டரின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் சரித்திரத்தையே எழுதிவிடுகிறார்கள். குதிரைசக்தி பெருகிய கதை பெரிய கதைதான். ஆயினும் அந்த யந்திரம் குடியானவனுக்கு உரியதானது, சக்கரம் மண்ணைத் தொடும் இடத்திலும், கலப்பை வண்டியைத் தொடும் இடத்திலும் நிகழ்ந்த மாறுதல்களால்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1892ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ஜான் ஃப்ரோலிக் என்பவர், பெட்ரோல் எஞ்சினால் முன்னும் பின்னும் செல்லக்கூடிய வண்டி ஒன்றை உருவாக்கினார். 1917இல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்ஸன் டிராக்டர் வெளிவந்து, அதுவரை பெரும் பண்ணைகளுக்கே எட்டிய யந்திரத்தைச் சாதாரண விவசாயியின் வாசலுக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து டிராக்டர்களின் சக்கரங்கள் இரும்பாலானவை. பிடிமானத்திற்காக அவற்றின் விளிம்பில் கூரிய இரும்புக் குமிழ்களும் பற்களும் பதித்திருந்தார்கள். உழும்போது அவை மண்ணைக் கவ்வின; பாதையில் ஏறினால் பாதையைப் பெயர்த்தன. ஓட்டுபவனின் முதுகெலும்புவரை அதிர்ச்சி ஏறியது. ஒவ்வொரு பல்லையும் மண்ணிலிருந்து பிடுங்கி எடுப்பதற்கே எஞ்சினின் சக்தியில் ஒரு கணிசமான பங்கு செலவழிந்தது.

இந்தச் சிரமங்களையெல்லாம் உலகம் பொறுத்துக்கொண்டிருந்த காலத்தில், பொறுக்க முடியாதவர்களாக இருந்தவர்கள் ஃபுளோரிடாவின் பழத்தோட்டக்காரர்கள். ஆரஞ்சு வகை மரங்களின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுகிறவை. இரும்புப் பற்கள் அந்த வேர்களை அறுத்தன. ஆகவே 1920களின் இறுதியில் அவர்களிற் சிலர், லாரிகளில் தேய்ந்துபோன டயர்களை எடுத்துத் தங்கள் டிராக்டரின் இரும்புச் சக்கரத்தின்மேல் மாட்டிப் பார்த்தார்கள். ரப்பர்ச் சக்கரம் பண்ணைக்குள் நுழைந்தது இப்படித்தான். யந்திர சாஸ்திரிகளின் மேஜைக்கு முன்பே மரத்தின் வேர் அதைக் கேட்டுவிட்டது.

விஸ்கான்ஸின் மாகாணத்து அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனமும், டயர் செய்யும் ஃபயர்ஸ்டோன் நிறுவனமும் இந்த யோசனையைக் கையிலெடுத்தன. ஆகாய விமானத்திற்கென்று செய்த பெரிய டயர்களைப் பூட்டி, சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 15 பவுண்டு என்ற மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டிப் பார்த்தபோதுதான் சூட்சுமம் புலப்பட்டது. காற்றை விறைப்பாக அடித்தால் டயர் மண்ணில் ஒரு கோடாகத்தான் படும். காற்றைக் குறைத்தால் அது அகன்று படிந்து, ஒரு பாதம் ஊன்றுவதுபோல் ஊன்றி, மண்ணை அமுக்காமல் பிடித்துக்கொள்ளும். 1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தின் மாடல் யூ டிராக்டர் காற்றடித்த ரப்பர் டயர்களோடு விற்பனைக்கு வந்தது. பஞ்சராகும், வழுக்கும், உழவுக்குத் தாங்காது என்று விவசாயிகள் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகத்தைப் போக்க, பார்னி ஓல்ட்ஃபீல்டு முதலிய பிரசித்தி பெற்ற மோட்டார்ப் பந்தய வீரர்களைக் கொண்டு மணிக்கு 60 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் டிராக்டரை ஓட்டிக் காட்டினார்கள். வேடிக்கை பார்க்க ஜனங்கள் திரண்டது உண்மை. ஆனால் விவசாயியை உண்மையில் மாற்றியது, அதே எண்ணெய்க்கு அதிக நிலம் உழ முடிந்ததும், உழுது முடித்த கையோடு வண்டியைச் சாலையில் ஏற்றிச் சந்தைக்குப் போக முடிந்ததுமே ஆகும்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழர்கள் மறந்துவிடலாகாது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. விடியுமுன் எழுந்து, தீவட்டி வெளிச்சத்திலும் பனியிலும் மரம் மரமாகப் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தென்னாட்டு மாவட்டங்களிலிருந்து கப்பலேறிய தமிழர்கள். தம் ஊரில் ஏர் பிடித்த கைகள் கடல் கடந்து வெட்டியெடுத்த பால், உறைந்து, தகடாகி, வேறொரு கண்டத்து உழவனின் ஏருக்குச் சக்கரமாயிற்று. 1942இல் ஜப்பானியப் படை மலேயாவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவில் ரப்பருக்குப் பஞ்சம் உண்டாகி, புதிய டிராக்டர்கள் மீண்டும் இரும்புச் சக்கரங்களோடு வெளிவந்தன. நம்மவர்களின் உழைப்பு எவ்வளவு தூரம் உலகத்தின் சோற்றைத் தாங்கி நின்றது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

இனிக் கலப்பை வண்டியைத் தொடும் இடத்துக்கு வருவோம். நம் நாட்டு ஏரில், ஏர்க்காலை நுகத்தடியில் முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ கட்டுவதன் மூலம் கொழு இறங்கும் ஆழத்தை உழவன் கூட்டிக் குறைத்தான். மேழியைப் பிடித்த கை, நிலத்தின் இறுக்கத்தைக் கணந்தோறும் உணர்ந்து, அழுத்தியும் தளர்த்தியும் வந்தது. ஆரம்ப கால டிராக்டரிலோ கலப்பையை ஒரு சங்கிலியாலோ கொக்கியாலோ பின்னால் கட்டி இழுத்தார்கள். உணர்கிற கை அங்கே இல்லை. கொழு ஒரு பாறையிலோ அடிக்கட்டையிலோ மாட்டிக்கொண்டால், சக்கரம் சுழல முடியாமல் நிற்க, எஞ்சினின் விசை வண்டியின் முன்பக்கத்தையே மேலே தூக்கியது. ஃபோர்ட்ஸன் இப்படிப் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டியவர்களைக் கொன்ற விபத்துகள் பல.

இந்தக் குறையைத் தீர்த்தவர், அயர்லாந்தின் டௌன் மாவட்டத்தில் 1884இல் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த ஹாரி பெர்குசன். 1909இன் கடைசி நாளில் தாமே செய்த விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதன்முதலாக விமானம் ஓட்டியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது, உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக டிராக்டர்களை மேற்பார்வையிடும் பொறுப்பு அவரிடம் வந்தது; கலப்பையும் டிராக்டரும் ஒரே சரீரமாக வேண்டும் என்ற கருத்து அவர் உள்ளத்தில் வேரூன்றியது அப்போதுதான். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை என மூன்று புள்ளிகளில் கருவியைப் பூட்டும் முறையை அவர் படிப்படியாகச் செப்பனிட்டார். கலப்பையின் இழுவை அதிகரித்தால் மேற்கை முன்னோக்கி அமுங்கும். அந்த அமுக்கத்தை உணர்ந்து, எண்ணெய் விசையால் இயங்கும் கைகள் கலப்பையைச் சற்றே தூக்கிவிடும். அதே அமுக்கம் முன்சக்கரங்களைத் தரையோடு பொருத்தி வைக்கும். கலப்பையின் பாரமும் பின்சக்கரங்களில் இறங்கிப் பிடிமானத்தைக் கூட்டும். மேழியைப் பிடித்த உழவனின் கை செய்துவந்த காரியத்தை, எண்ணெயும் இரும்பும் கற்றுக்கொண்டன என்றே நான் கருதுகிறேன்.

இதன் மகத்தான பலன், டிராக்டர் கனமாக இருக்க வேண்டிய அவசியம் நீங்கியதுதான். 1938இல் பெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் பத்திரம் எழுதாமல் கைகுலுக்கி உடன்பட்டு, அடுத்த ஆண்டே வெளியிட்ட 9என் டிராக்டரும், பிற்பாடு அந்த உடன்பாடு முறிந்த காலத்தில் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான பெர்குசனின் டி.இ.20 டிராக்டரும் சிறிய வண்டிகளே. ஆனால் அவை இழுத்த கலப்பை சிறியதன்று. 9என் டிராக்டரின் முன்சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை பயிரின் பாத்திக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். மலையேற்ற வீரர் எட்மண்ட் ஹில்லரி 1958 ஜனவரி 4ஆம் தேதி தென்துருவத்தை அடைந்தது, சக்கரங்களின்மேல் சங்கிலிப் பட்டைகள் பூட்டிய பெர்குசன் டிராக்டர்களில்தான். பனியோ சேறோ, தரைக்கேற்ற பாதம் அமைத்தால் சிறு யந்திரமும் போகும் என்பதற்கு அது சான்று.

பூட்டும் முறை பொதுவானதும் கருவிகள் பெருகின. எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் இருக்கும் கருவிக்கே கொடுக்கும் தண்டு முன்னரே வந்திருந்தது. நிமிஷத்துக்கு 540 சுற்று என்ற அளவு அதற்கு வழக்கமாயிற்று. ஆஸ்திரேலியாவில் கில்கண்ட்ரா என்ற ஊர்ப் பண்ணையில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்ற இளைஞர் 1912இல் பரீட்சித்துப் பார்த்த சுழல் கத்திகளே, இன்று நம் ஊரில் ரொட்டவேட்டர் எனப்படும் கருவியாயின. கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை, பரம்பு எல்லாம் அந்த மூன்று புள்ளிகளிலேயே வந்து பொருந்துகின்றன.

நெல் விளையும் நாடுகளுக்கோ வேறொரு கஷ்டம் இருந்தது. பல தலைமுறை உழவால் நஞ்சைச் சேற்றின் அடியில் ஒரு கெட்டித் தளம் உருவாகியிருக்கும். தண்ணீரை நிறுத்துவதும் அதுவே, சக்கரத்தைத் தாங்குவதும் அதுவே. கனத்த வண்டி அதை உடைத்துவிடும். அதனால் ஜப்பானியர் சிறிய டிராக்டர்களையே வளர்த்தனர்; 1969இல் குபோட்டா நிறுவனத்தின் 21 குதிரைசக்தி வண்டி அமெரிக்காவுக்கே போய், சிறு பண்ணைகளில் இடம் பிடித்தது. டயர்களும் மண்ணுக்கேற்பப் பிரிந்தன: பொது உழவுக்கு ஆர்-1, சேற்றுக்கும் கரும்புக்கும் ஏறக்குறைய இருமடங்கு ஆழமான பற்கள் உள்ள ஆர்-2, புல்தரையைக் கீறாத ஆர்-3, மண் வாரும் வேலைக்குத் தடித்த ஆர்-4.

1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்கள் செம்பியத்தில் உருவானபோது, அந்த அயர்லாந்துக்காரரின் மூன்று புள்ளிகள் நம் மண்ணுக்கும் வந்துசேர்ந்தன. ஆனால் காவிரிக் களிமண் ரப்பரின் பற்களுக்கிடையே அப்பி, டயரை வழவழப்பான உருளையாக்கிவிடும். இடைவெளியுள்ள கூண்டிலோ சேறு தங்காது. அகன்ற பட்டைகள் வண்டியைத் தாங்கும். சுழலும்போதே தொளியும் கலங்கும். சாலையில் ஏறுமுன் கூண்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் தார் பெயர்ந்துவிடும்.

சிறுவனுடைய கேள்விக்கு இதுவே விடை. ஃபுளோரிடாவின் வேர் ரப்பரைக் கேட்டது; தஞ்சாவூரின் சேறு இரும்பைக் கேட்கிறது. புதிதாகச் சிறு டிராக்டர் வாங்கப் புகும் ஒவ்வொருவரும், எஞ்சினின் குதிரைசக்தியைப் பார்க்குமுன், தம் நிலத்தில் மழைக்குப் பின் ஒரு நாள் வெறுங்காலோடு நடந்து பார்ப்பாராக. பாதம் எவ்வளவு புதைகிறது, எங்கே கெட்டித் தளத்தில் ஊன்றுகிறது என்பது தெரிந்தால், எந்த டயர், எந்தக் கருவி என்பது பாதி தீர்மானமாகிவிடும்.