காசிக்கு வழி சமைத்தவர்கள்

ரயில் வண்டி தென்னாட்டுக்கு வருவதற்கு முந்தைய காலத்தில், காசி யாத்திரை செய்தே தீருவது என்று சங்கற்பம் செய்துகொண்ட ஒரு குடும்பஸ்தர், மூட்டை கட்டுவதற்கு முன்பாகச் செய்து முடிக்க வேண்டியிருந்த காரியங்களை நினைத்துப் பார்த்தால், யாத்திரையின் பாதிச் சிரமம் வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். கொடுக்க வேண்டிய கடனைக் கொடுத்து, வர வேண்டிய பாக்கியை வசூலித்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, கல்யாணத்துக்கு நின்ற பெண்ணை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்து எழுதி வைத்து, பந்துக்கள் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்ட பிறகே அவர் ஊர் எல்லையைத் தாண்டினார். போனவர் திரும்புவது நிச்சயமில்லை என்பதை அவரும் அறிவார், வழியனுப்ப வந்தவர்களும் அறிவார்கள். ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வழி. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேல் நடக்க முடியாத பெண்களும் முதியவர்களும் அடங்கிய கூட்டம். நடுவே கிருஷ்ணை, கோதாவரி, நர்மதை என்று பாலமில்லாத பெருநதிகள். போய் வர ஓராண்டுக்குக் குறையாது.

காலக் கணக்குத்தான் அந்த ஆயத்தத்தில் மிகவும் நுட்பமானது. முறைப்படி காசிக்குப் போகிறவர் முதலில் வடக்கு நோக்கிப் போவதில்லை. தெற்கே இராமேசுவரம் சென்று, சேதுவில் நீராடி, அங்கே எடுத்த மணலைக் கட்டிக்கொண்டு வந்து, அதைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். பிறகு அங்கிருந்து கங்கா தீர்த்தத்தைக் கலசத்தில் முத்திரையிட்டுக் கொண்டுவந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும். ஆகவே, தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய், திரும்பவும் முதற் கோடிக்கே வந்து சேரும்படியாக வழியை வகுத்தாக வேண்டும். மாக மாதத்துப் பிரயாகை ஸ்நானம் தவறக் கூடாது. கயையில் பிதிர் காரியத்துக்கு உரிய காலம் வாய்க்க வேண்டும். தக்கணத்தின் கரிசல் நிலத்தை மழைக்கு முன்பே தாண்டிவிட வேண்டும். நனைந்த கரிசலில் வண்டிச் சக்கரம் புதைந்தால் மாடுகள் இழுத்து மீளா. மழை பிடித்துக்கொண்டால், எந்த ஊரில் பிடித்ததோ அந்த ஊரிலேயே தங்கிவிட வேண்டியதுதான். பஞ்சாங்கத்தையும் பருவத்தையும் ஆற்று வெள்ளத்தையும் ஒன்றாக வைத்துக் கணக்கிட்ட அந்த முதியோர்களின் பூகோள ஞானம், தேசப்படம் ஒன்றையும் கண்ணால் காணாதவர்களுடையது என்பதை எண்ணும்போது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது.

இப்படிப்பட்ட யாத்திரை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரையில் நாம் பின்தொடர்ந்து செல்வதற்கு, சென்னையில் வாழ்ந்த ஏனுகுல வீராசாமி என்பவர் பேருபகாரம் செய்திருக்கிறார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி உத்தியோகம் பார்த்த இவர், 1830-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி தண்டையார்ப்பேட்டையிலிருந்து புறப்பட்டு, திருப்பதி, அகோபிலம், ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் பிரயாகைக்கும் காசிக்கும் கயைக்கும் சென்று, கல்கத்தாவைப் பார்த்துவிட்டு, பூரி ஜகந்நாதம் வழியாகக் கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, 1831 செப்டம்பர் 3-ஆம் தேதி சென்னைக்குத் திரும்பினார். பல்லக்குத் தூக்கும் போயிகளும் பரிசனங்களும் பெண்டிரும் சேர்ந்து ஏறத்தாழ நூறு பேர் அவருடன் சென்றார்கள். வழி நெடுக அவர் தம் சிநேகிதர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்குத் தெலுங்கில் எழுதிவந்த கடிதங்களே, அவர் காலமான பிறகு, 1838-இல் ‘காசி யாத்திரை சரித்திரம்’ என்ற பெயரில் அச்சேறின.

அந்த நூலின் பெருமை அதிலுள்ள ஸ்தல வர்ணனைகளில் இல்லை என்பது என் துணிபு. ஒவ்வொரு தங்கலுக்கும் இடையே எவ்வளவு தூரம், பாதை மேடா பள்ளமா, ஊரில் நல்ல தண்ணீர் உண்டா, கடை உண்டா, தங்குவதற்குச் சத்திரமோ தோப்போ இருக்கிறதா, ஆற்றைத் தாண்ட ஓடமா பரிசலா என்று, பின்னால் வரப்போகிறவனை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் எழுதினார். புண்ணியத்தைத் தாம் தேடிக்கொண்டதோடு நில்லாமல், அதைத் தேடும் மார்க்கத்தையும் பிறருக்கு எழுதி வைத்த அந்த மனப்பான்மைதான் என்னை அவர்பால் ஈர்க்கிறது.

பணத்தைப் பற்றிய ஏற்பாடு தனிக் கலையாகவே இருந்தது. சென்னையில் 1818 வரையில் வராகன் வழங்கிற்று. நிஜாம் சீமையில் வேறு நாணயம், நாகபுரியில் வேறு நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் ராஜ்யம் முழுவதற்கும் ஒரே ரூபாயை ஏற்படுத்தியது 1835-இல்தான். ஒரு ஊரில் செல்லுபடியாகும் காசு அடுத்த ஊரில் வட்டம் கழித்தே வாங்கப்பட்டது. ஓராண்டுச் செலவுக்கான பொன்னை மடியில் முடிந்துகொண்டு காட்டு வழியே போவது உயிருக்கே ஆபத்து. யாத்திரிகர் கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்து நயமாகப் பேசி நடந்துவந்து, தக்க இடம் பார்த்துக் கழுத்தில் துணியைச் சுருக்கிட்டுக் கொல்லும் தக்கர்கள் மத்திய தேசத்துப் பாதைகளில் திரிந்த காலம் அது. கம்பெனி அதிகாரியான ஸ்லீமன் துரை இந்தத் தக்கர்களை ஒடுக்கும் வேலையில் முனைந்து நின்றதும் 1830-களில்தான். ஆகையால் புறப்படுமுன் சௌகாரிடம் பணத்தைக் கட்டி உண்டியல் வாங்கிக்கொள்வார்கள். காட்டியவுடன் பணம் தரத் தக்கது தர்சன உண்டியல்; தவணை கழிந்து தருவது தவணை உண்டியல். தென்னாட்டில் ஒரு வியாபாரி கையெழுத்திட்ட காகிதத் துண்டை, அவரை ஒருநாளும் முகமறியாத காசி வியாபாரி ஒருவர் வாங்கிப் பார்த்து, ரூபாயை எண்ணிக் கொடுத்தார் என்றால், அந்த நாணயம் எத்தனை தலைமுறைகளாகக் கட்டி எழுப்பப்பட்டதாக இருக்க வேண்டும்!

வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களின் தைரியத்தைப் பற்றி நம் நூல்கள் நிறையப் பேசியிருக்கின்றன. புறப்படாதவர்கள் செய்த காரியமே அதைக் காட்டிலும் பெரிது என்று நான் கருதுகிறேன். தாங்கள் ஒருபோதும் நடக்காத பாதையில், தங்களுக்கு ஒருவிதத்திலும் உறவில்லாத ஒருவன், என்றைக்கோ ஒரு நாள் பசியோடு வருவான் என்று எதிர்பார்த்து, அவனுக்காக நிலத்தை எழுதி வைத்தவர்கள் அவர்கள். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் போட்டாள், சத்திரம் கட்டினாள். இராமநாதபுரத்துச் சேதுபதிகள் சேது மார்க்கத்தில் சத்திரங்கள் அமைத்தார்கள். மகேசுவரிலிருந்து அரசு புரிந்த அகல்யாபாய், காசியில் விசுவநாதர் ஆலயத்தை எடுப்பித்ததோடு, தன் ராஜ்யத்துக்கு வெகு தூரத்திலுள்ள க்ஷேத்திரங்களிலும் தர்மசாலைகளும் படித்துறைகளும் கட்டுவித்தாள்.

இவற்றுள் தஞ்சை மராத்திய அரசர்களின் சத்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வடதேசத்திலிருந்து கங்கா தீர்த்தக் காவடியோடு சேதுவை நோக்கி வருகிறவர்கள் தஞ்சைச் சீமையைக் கடந்தே போக வேண்டியிருந்தபடியால், அந்த வழியில் வரிசையாகச் சத்திரங்கள் எழுந்தன. அவற்றில் பல அரண்மனைப் பெண்டிர் பெயரால் அமைந்தவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் 1802-இல் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக நிறுவிய முக்தாம்பாள் சத்திரம். தன் பெயரால் அன்ன சத்திரம் ஒன்று அமைய வேண்டும் என்பதே அவளுடைய இறுதி விருப்பமாக இருந்தது என்பார்கள். அந்தப்புரத்தை விட்டு வெளியே வந்தறியாத அந்த ஸ்திரீகளின் பெயர்களை வழிப்போக்கர்கள் தேசமெங்கும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

இச்சத்திரங்கள் எவ்வாறு நடைபெற்றன என்பதைச் சரபோஜி மன்னரே 1801-இல் கம்பெனியாரின் ரெசிடெண்டு துரைக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். எல்லா ஜாதியாருக்கும், எந்தத் தேசத்திலிருந்து வந்தவருக்கும் அங்கே உணவு உண்டு. சமைத்த சோற்றை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மற்றப் பொருள்களும் அளந்து கொடுக்கப்பட்டன. நடுநிசியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் எவரேனும் உண்டா என்று கூவி அழைத்து, மிச்சமிருப்பதைப் படைத்தார்கள். நோய்ப்பட்டவரைக் கவனிக்க வைத்தியர் இருந்தார். குழந்தைகளுக்குப் பால் கொடுக்கப்பட்டது. வழியில் பிரசவித்த பெண்கள் பராமரிக்கப்பட்டார்கள். இறந்தவருக்கு அவரவர் குல ஆசாரப்படி ஈமக் கிரியை செய்விக்கப்பட்டது. தாய் தந்தையரை வழியிலே பறிகொடுத்த பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைத்தார்கள். ராஜ்யாதிகாரத்தைக் கம்பெனியாரிடம் இழந்துவிட்ட ஓர் அரசர், சத்திரங்களின் நிர்வாகத்துக்கு மட்டும் குறைவு வந்துவிடக் கூடாது என்று மன்றாடிய அந்தக் கடிதத்தை, தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவரே பின்னர் 1820-இல் மூவாயிரம் பேர் கொண்ட பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டார். தஞ்சைச் சரஸ்வதி மகால் நூல் நிலையத்துக்காக வடநாட்டில் ஏட்டுச் சுவடிகளையும் அந்த யாத்திரையில் தேடிச் சேர்த்தார்.

காசியிலும் தமிழருக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் கேதார கட்டத்தில் நிறுவிய மடமும், 1813-இல் நகரத்தார் ஏற்படுத்திய சத்திரமும் அவற்றுள் முக்கியமானவை. அனுமான் கட்டத்தைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன. தகப்பனாரை இழந்த இளைஞர் சுப்பிரமணிய பாரதி, 1898-இல் அங்கே தம் அத்தை வீட்டில்தான் போய்த் தங்கினார். கயையிலும் காசியிலும் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள், வந்தவரின் ஊரையும் குலத்தையும் விசாரித்து, கனத்த பேரேடுகளைப் புரட்டி, அவருடைய பாட்டனாரோ முப்பாட்டனாரோ இட்ட கையெழுத்தை எடுத்துக் காட்டுவார்கள். பண்டாக்களின் பேராசையைப் பற்றி வசை பாடியவர்கள் அநேகர். அந்த வசையில் உண்மையும் உண்டு. ஆயினும் பாஷை தெரியாத ஊரில், மாட்டு வண்டியை விட்டு இறங்கி நிற்கும் ஒரு கிழவருக்குத் தன் முன்னோரின் எழுத்தைக் காட்டி உள்ளே அழைத்துச் செல்ல ஒருவர் இருந்தது சாமானியமான ஆறுதல் அல்ல. யாத்திரிகர்களிடம் பணம் வாங்கியவர்கள் பண்டாக்கள் மாத்திரம் அல்ல. கம்பெனியாரும் பிரயாகையிலும் கயையிலும் பூரியிலும் அவர்களிடம் வரி வாங்கினார்கள்; 1840-இல்தான் அது எடுபட்டது.

பிறகு ரயில் வந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் ஓடத் தொடங்கிய வண்டி, 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. 1887-இல் காசியருகே கங்கைக்குப் பாலம் போடப்பட்டது. 1900-ஐ ஒட்டிக் கோதாவரிப் பாலத்தின் வழியே கிழக்குக் கரைப் பாதையும் பூர்த்தியாகி, சென்னையிலிருந்து ஒரு வழியாகப் போய் மறு வழியாகத் திரும்பும் வட்டம் இரும்புத் தண்டவாளத்தில் அமைந்துவிட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், கங்கைக் கலசம் கடலையும் வண்டியிலிருந்தபடியே தாண்டிற்று. வீராசாமி பதினைந்து மாதங்களில் சுற்றிய வட்டத்தை ஐந்தாறு வாரங்களில் சுற்றிவரக் கூடிய காலம் வந்தது. கோயமுத்தூர் சே. ப. நரசிம்மலு நாயுடு, வடநாட்டு நகரங்களையும் க்ஷேத்திரங்களையும் கண்டு வந்து எழுதிய ஆரிய திவ்விய தேச யாத்திரைச் சரித்திரத்தை 1889-இல் வெளியிட்டார். இந்தத் தலைமுறைக்குப் பஞ்சாங்கத்தோடு ரயில்வே கால அட்டவணையும் வேண்டியதாயிற்று. பாகப் பத்திரம் எழுதுகிற வழக்கம் நின்றது; உண்டியலின் இடத்தில் மணியார்டரும் பாங்கியும் வந்தன; மழையைக் குறித்த பயம் நீங்கிற்று. பெண்களும் ஏழைகளும் முன்னிலும் பன்மடங்கு அதிகமாகக் காசியைக் கண்டார்கள். மூன்றாம் வகுப்பு வண்டியின் நெரிசலில் அவர்கள் பட்ட துன்பத்தை மறக்காமலே, இதைப் பெரிய நன்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

நலிந்தவை வழிச் சத்திரங்கள்தாம். சாலையில் நடப்பார் இல்லாமற்போகவே, நடுநிசி மணிக்கு எழுந்து வருவாரும் இல்லாமற்போயினர். தஞ்சை ராஜ்யம் 1855-இல் முடிவுற்றபின் அச்சத்திரங்கள் சர்க்கார் நிர்வாகத்தின் கீழ் வந்தன, பல இடிந்தன, ஒரத்தநாட்டுச் சத்திரம் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது. யாத்திரை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் இருந்தவை மாத்திரம், ரயிலினால் வந்த பெருங்கூட்டத்தைக் கொண்டு முன்னிலும் உயிர் பெற்றன. காசியில் நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குப் பூஜைத் திரவியங்கள் நாள்தோறும் சம்போ என்னும் கோஷத்துடன் எடுத்துச் செல்லப்படுகின்றன. தெற்கேயிருந்து போகிற தமிழர், இன்ன தேதியில் இத்தனை பேர் வருகிறோம் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அங்கே போய் இறங்கித் தமிழ்நாட்டுச் சாப்பாடு சாப்பிடலாம்.