திமிங்கிலமும் கிரில்லும்: தென்கடலின் இரையுறவு

பொடி மீனையும் மீன்குஞ்சையும் நார்வேக்காரர்கள் ‘கிரில்’ என்பார்கள். திமிங்கிலத்தை அறுத்தால் இரைப்பையிலிருந்து கூடை கூடையாகக் கொட்டும் செந்நிற உயிரிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. பார்வைக்கு இறால் போலிருந்தாலும் கிரில் இறால் அல்ல. ஓட்டுடலிகளில் அது தனி வரிசை. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் மண்டிக் கிடக்கும் அண்டார்க்டிக் கிரில்லை 1850இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் அமெரிக்க இயற்கையியலாளர் ஜேம்ஸ் டுவைட் டானா. அது 6 செ.மீ. வரை வளரும், எடை 2 கிராம், ஆயுள் ஐந்தாறு ஆண்டுகள். அதைத் தின்று வளரும் நீலத் திமிங்கிலமோ 30 மீட்டர் நீளம் வரை போகும்.

இந்த உறவுக்குத் தொடக்கம் என்று ஒன்று உண்டு. அண்டார்க்டிகாவின் சீமோர் தீவில் கிடைத்த ‘லானோசீட்டஸ்’ என்ற புதைபடிவத் திமிங்கிலம் சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. இன்றைய சல்லடைத் திமிங்கிலங்களின் பழைய உறவினரான அதன் வாயில் பற்கள்தான் இருந்தன. பற்கள் போய், மேல்தாடையிலிருந்து தொங்கும் பலீன் தகடுகள் பிறகுதான் வந்தன. நம் நகத்தில் உள்ள கெரட்டின்தான் அத்தகடுகளின் மூலப்பொருளும். உருவம் பூதாகரமானது இன்னும் பிந்தி, கடைசி 45 லட்சம் ஆண்டுகளுக்குள். துருவங்களில் பனி பெருகி, ஆழ்கடல் சத்து சில இடங்களில் மட்டும் குவியலாக மேலெழத் தொடங்கிய காலம் அது. இரை பரவிக் கிடந்தால் பெரிய வாயால் பயனில்லை; ஓரிடத்தில் குவிந்தால்தான் லாபம்.

கிரில் குவியும் விதமே தனி. கூட்டம் அடர்ந்த இடத்தில் ஒரு கன மீட்டர் நீரில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை நெருங்கி நீந்தும். முன்கால்களைக் கூடைபோல் மடித்து, மிதக்கும் நுண்பாசிகளை வடித்துத் தின்பது அதன் வழக்கம். ஆக, இங்கே ஒரு சின்னச் சல்லடையைப் பெரிய சல்லடை தின்கிறது. பாசியிலிருந்து திமிங்கிலம் வரை இடையில் ஒரே ஒரு படி. உணவுச் சங்கிலி இவ்வளவு குட்டையாக இருப்பதால்தான் இவ்வளவு பெரிய உடலுக்குத் தீனி போட முடிகிறது.

நீலத் திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் உண்ணும் முறைக்குப் பாய்ந்து விழுங்குதல் என்று பெயர் சொல்லலாம். கூட்டத்தை நோக்கி வேகமெடுத்து, வாயை ஏறத்தாழ செங்கோணம் அளவுக்குத் திறக்கும். மோவாயிலிருந்து தொப்புள் வரை ஓடும் மடிப்புகள் விரிந்து தொண்டை பலூன்போல் உப்பும். ஒரே பாய்ச்சலில் உள்ளே போகும் நீர் சில சமயம் அதன் உடல் எடையையே மிஞ்சிவிடும். அந்த நொடியில் விலங்கு கிட்டத்தட்ட நின்றுபோகும். விரித்த குடையோடு எதிர்காற்றில் ஓடுவதைப் போல. பிறகு தொண்டைத் தசை இறுகி, தகடுகளின் வழியே நீரைப் பிழிந்து வெளியேற்றும். கிரில் உள்ளே தங்கும். இரண்டு கீழ்த்தாடை எலும்புகளும் சேரும் இடத்தில், இந்தப் பாய்ச்சலை ஒழுங்குபடுத்தும் உணர் உறுப்பு இருப்பது 2012இல்தான் தெரிந்தது. அவ்வளவு தண்ணீர் வாய்க்குள் புகும்போது மூச்சுக்குழல் நனையாதது எப்படி என்ற கேள்விக்கு 2022இல் விடை வந்தது: தொண்டை வாயில் ஒரு சதைத்தக்கை அடைப்பான்போல் செயல்படுகிறது. நூறாண்டுக்கு மேல் லட்சக்கணக்கில் அறுத்துப் போட்ட விலங்கின் தொண்டையில் இதுவரை யாரும் சரியாகப் பார்க்காத ஓர் உறுப்பு இருந்திருக்கிறது.

கூன்முதுகுத் திமிங்கிலம் உழைப்பை வேறுவிதமாகச் செலவிடும். கீழிருந்து வட்டமடித்தபடி காற்றுக் குமிழிகளை ஊதி வேலி கட்டி, உள்ளே ஒடுங்கிய கிரில்லை மேல்நோக்கிப் பாய்ந்து விழுங்கும். மின்கே திமிங்கிலம் உடல் சிறிதென்பதால் பனிப்பாளங்களுக்கிடையே நுழைந்து மேய்கிறது. வட துருவத்தில் கதை சற்று வேறு: அங்கே ஆண்டு முழுதும் வாழும் வில்தலைத் திமிங்கிலம் வாயைத் திறந்தபடி மெல்ல நீந்தி, கிரில்லோடு கோப்பிபாட் என்ற இன்னும் சிறிய உயிரிகளையும் வடித்துக்கொள்ளும்.

இந்த உறவை மனிதர் அறிந்துகொண்டது கத்தி முனையில். 1904இல் நார்வேக் கப்பல் தலைவர் கார்ல் ஆன்டன் லார்சன் தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கனில் வேட்டை நிலையம் அமைத்தார். கரையோரம் மேய்ந்த கூன்முதுகுகள் முதலில் தீர்ந்தன. 1925இல் பின்புறம் சறுக்குப்பாதை வைத்த ஆலைக் கப்பல் வந்தபின், கடல் நடுவிலேயே திமிங்கிலத்தை மேலே இழுத்து அறுத்து எண்ணெய் காய்ச்ச முடிந்தது. கரை நிலையமும் அதற்கான உரிமமும் தேவைப்படவில்லை. 1930–31 பருவத்தில் மட்டும் அண்டார்க்டிக் கடலில் ஏறத்தாழ 29,000 நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அந்த எண்ணெய் மார்கரினாகவும் சோப்பாகவும் ஐரோப்பிய வீடுகளுக்குள் போயிற்று.

அதே எண்ணெய்க்கு விதித்த வரியில்தான் ஆராய்ச்சியும் நடந்தது. 1925இல் பிரிட்டன் தொடங்கிய ‘டிஸ்கவரி’ ஆய்வுத் திட்டத்தில் நீல் மெக்கின்டோஷ் போன்றவர்கள் கிரிட்விக்கன் அருகே முகாமிட்டு, வெட்டுத் தளத்தில் வழுக்கும் கொழுப்புக்கு நடுவே நின்று திமிங்கிலங்களை அளந்தார்கள். இரைப்பைகளைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே திரும்பத் திரும்பக் கிடைத்தது ஒன்றே, கிரில். அலிஸ்டர் ஹார்டி கப்பலில் மிதவை உயிரிகளைச் சேகரித்து, கிரில் மிகும் இடமும் திமிங்கிலம் கூடும் இடமும் எப்படிப் பொருந்துகின்றன என்று தேடினார். சாரணச் சிறுவனாக, துருவப் பயணி ஷேக்கில்டனின் கடைசிப் பயணத்தில் சென்ற ஜேம்ஸ் மார், பின்னாளில் இதே திட்டத்தில் சேர்ந்து, கிரில்லின் வாழ்க்கையை 1962இல் பெரிய ஆய்வு நூலாக வெளியிட்டார். இரையைப் பற்றிய அறிவு இப்படி முழுமை பெற்றபோது உண்பவர்களில் பெரும்பாலோர் இல்லை.

நீலத் திமிங்கில அலகு என்ற கணக்குமுறை அந்த அழிவைத் துரிதப்படுத்தியது. ஒரு நீலம் இரண்டு துடுப்புக்கோ ஆறு ‘சேய்’ இனத் திமிங்கிலங்களுக்கோ சமம் என்று வைத்து மொத்த வரம்பு போட்டதால், எந்த இனம் அருகினாலும் வேட்டைக்காரர் பெரியதையே முதலில் தேடினர். 1960களில் நீலத்துக்குப் பாதுகாப்பு வந்தது; ஆனால் சோவியத் கப்பல்கள் கணக்கில் காட்டாமல் கொன்றது 1990களில்தான் வெளிப்பட்டது. அண்டார்க்டிக் நீலத் திமிங்கிலங்கள் வேட்டைக்கு முன் சுமார் 2,39,000 இருந்தன, 1970களின் தொடக்கத்தில் சில நூறே மிஞ்சின என்பது பின்னர் வந்த மதிப்பீடு.

உண்பவர் போனால் உணவு மிஞ்சும் அல்லவா? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 1977இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ரிச்சர்ட் லாஸ், ஆண்டுக்குச் சுமார் 15 கோடி டன் கிரில் உபரியாகியிருக்கும் என்று கணித்தார். கடல்நாய்களும் பென்குயின்களும் அதில் பங்குபெறும், மனிதரும் பெறலாம். சோவியத், ஜப்பானியக் கப்பல்கள் அதற்கு வலையோடு ஏற்கனவே தயாராக இருந்தன. தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை.

கிரில் பெருகவில்லை என்பதே ஓட்டை. தென் அட்லாண்டிக் பகுதியில் 1970களிலிருந்து கிரில் அடர்த்தி குறைந்திருப்பதாக 2004இல் அங்கஸ் அட்கின்சன் குழு எழுதியது. குளிர்கால உறைபனிக்கு அடியில் வளரும் பாசியை நம்பியே கிரில் குஞ்சுகள் பிழைக்கின்றன; அந்தப் பனி சுருங்குவது ஒரு காரணம். குறைவின் அளவு பற்றி விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் எதிர்பார்த்த வெள்ளம் வரவில்லை என்பது உறுதி.

இன்னொரு விளக்கம் திமிங்கிலத்தின் சாணத்திலிருந்து வந்தது. தென்கடலில் நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை. பாசி வளரத் தட்டுப்படுவது இரும்பு. கிரில் உடலில் உள்ள இரும்பின் பெரும்பகுதியைத் திமிங்கிலம் கழித்துவிடுகிறது. அந்தக் கழிவில் இரும்பின் செறிவு சுற்றியுள்ள கடல்நீரைப்போல் ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு என்று 2010இல் ஸ்டீவ் நிக்கோல் குழு கண்டது. கழிவு மேல்மட்டத்திலேயே மிதப்பதால் பாசிக்கு உரமாகிறது. பாசி கிரில்லுக்கு இரையாகிறது. வயலில் கிடை போட்ட ஆட்டு மந்தை வேலை செய்வதும் இப்படித்தான். மந்தையை விரட்டிவிட்டு விளைச்சல் கூடும் என்று காத்திருந்ததுதான் 1970களின் கணக்கு.

கடலில் இரும்பைக் கொட்டிப் பார்க்கும் சோதனைகளும் நடந்தன. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மன் ஆய்வாளர்களும் 2009இல் நடத்திய ‘லோஹாஃபெக்ஸ்’ பயணத்தில் 300 சதுர கி.மீ. பரப்புக்கு இரும்பு உரமிட்டனர். பாசி வளர்ந்தது, ஆனால் நிலைக்கவில்லை. சிலிக்கா குறைந்த அந்நீரில் டயாட்டம் பாசிகள் செழிக்க முடியவில்லை, வளர்ந்த பிற பாசிகளையும் சிறு உயிரிகள் மேய்ந்துவிட்டன.

2021இல் மேத்யூ சவோக்கா குழு 321 திமிங்கிலங்களில் கருவிகள் பொருத்தி அளந்தபோது, அவை முன்பு எண்ணியதைவிடச் சுமார் மூன்று மடங்கு உண்பது தெரிந்தது. கிழக்குப் பசிபிக்கின் நீலத் திமிங்கிலம் தீவன நாளில் ஏறத்தாழ 16 டன் கிரில் விழுங்குகிறது. வேட்டைக்கு முன் தென்கடல் திமிங்கிலங்கள் ஆண்டுக்கு 43 கோடி டன் உண்டிருக்கும் என்பது இவர்கள் கணக்கு. இன்று அங்கே இருக்கும் மொத்தக் கிரில் அவ்வளவு தேறாது.

எல்லா நீலத் திமிங்கிலமும் துருவத்துக்குப் போவதில்லை. இலங்கையின் மிரிசா, திருகோணமலைக் கடல்களில் தென்படுபவை வட இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிடுகின்றன. அவை முக்கியமாகத் தின்பது கிரில் அல்ல, செர்ஜெஸ்டிட் வகைப் பொடி இறால் என்று ஆஷா டி வோஸ் குழு 2018இல் காட்டியது. நம் சந்தையில் காயவைத்து விற்கும் சென்னாக்குன்னியின் சுற்றத்தார்தான் அவை.

தென்கடலில் கூட்டம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. 2020இல் தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் தென்பட்டன. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஆய்வாளர் கண்ணில் பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. வேட்டைக்காரர் இடத்தில் இப்போது கிரில் இழுவைக் கப்பல்கள். பிடிபடுவது இறால் பண்ணைத் தீவனமாகவும் ஒமேகா-3 மாத்திரையாகவும் மாறுகிறது. 1982இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வள ஒப்பந்தம் இதை ஒழுங்குபடுத்துகிறது, இந்தியாவும் உறுப்பினர். தென்மேற்கு அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு 6,20,000 டன் என்பது வரம்பு. மொத்த இருப்போடு ஒப்பிட்டால் சிறு பங்கு. ஆனால் கப்பலும் கூட்டம் அடர்ந்த இடத்தைத்தான் நாடுகிறது. 2022 ஜனவரியில் தெற்கு ஓர்க்னித் தீவுகளருகே சுமார் ஆயிரம் துடுப்புத் திமிங்கிலங்கள் ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே நான்கு கப்பல்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தன.