ஏவலும் செயலும்: தொண்டூர்க் கல்வெட்டும் சிறுவணிகரின் புதிய கருவியும்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அண்மையில் அமைந்துள்ள தொண்டூர், தமிழ்ச் சமண வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். அவ்வூர்க் குன்றின் குகைத்தளத்தில் அறவோர் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. அங்கே தொன்மையான எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழக் கி.பி. 3ஆம் நூற்றாண்டினது என ஆய்வாளர் கருதும் அக்கல்வெட்டு, இளங்காயிபன் என்பார் ஏவ, மோசி என்பார் அவ்விருக்கையைச் செய்தளித்தார் என்றும், அஃது அகழூரின் அறம் என்றும் கூறுகிறது. அந்த அகழூரே தொண்டூருக்கு அண்மையில் இன்றும் சமணக் குடும்பங்கள் வாழும் அகலூர் என்பர்.

சில சொற்களே கொண்ட அக்கல்வெட்டில் ஏவியவர் பெயரும் உண்டு. செய்தவர் பெயரும் உண்டு. அறத்திற்கு உரிய ஊரின் பெயரும் உண்டு. ஒரு செயல் நிகழும்போது அதற்குப் பொறுப்பானவர் யாவர் என்பதை நம் முன்னோர் மறைக்காமல் கல்லில் எழுதிவைத்தனர். இன்று, ஏவியவுடன் எழுதவும் கணக்கிடவும் படம் வரையவும் வல்ல செயற்கை நுண்ணறிவு என்னும் கருவி ஒவ்வொரு கடைக்காரரின் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. அதனைச் சிறுவணிகர் எவ்வாறு பயன்கொள்ளலாம், எங்கே எச்சரிக்கையோடு நிற்கவேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர், வணிகமும் எழுத்தும் அறமும் இணைந்து வளர்ந்த தமிழ்ச் சமண வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

வணிகரும் எழுத்தும்

தமிழ்நாட்டின் மிகப் பழைய கல்வெட்டுகளில் அரசருக்கு இணையாக வணிகரும் இடம்பெறுகின்றனர். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில், பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் வரும் கல்வெட்டுகளோடு வெள்ளறை நிகமத்தோர் அளித்த கொடையும் பதிவாகியுள்ளது. நிகமம் என்பது வணிகர் குழுவைக் குறிக்கும் சொல். அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், பணித வணிகர் ஆகியோர் வரிசையாகக் காட்சி தருகின்றனர். துணி விற்றவர், ஏர்க்கொழு விற்றவர், வெல்லப்பாகு விற்றவர் என்று அவர்களை இன்றைய மொழியில் கூறலாம். கரூரை அடுத்த புகலூரில், கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பாரும், எண்ணெய் வாணிகன் வெண்ணி ஆதன் என்பாரும் துறவியர்க்கு இருக்கை செய்தளித்தனர்.

இவர்களுள் பெரும்பாலோர் பெருஞ்செல்வர் அல்லர்; அன்றாடத் தேவைக்கான பொருள்களை விற்றவர்கள். ஆயினும் எழுத்து என்னும் புதிய கருவியைத் தம் பெயரோடும் தொழிலோடும் இணைத்துப் பயன்படுத்திய முதல் தமிழருள் அவர்களும் அடங்குவர். சரக்கைக் குறிக்கவும் பானையில் பெயர் பொறிக்கவும் உதவிய அதே எழுத்து, அறத்தைப் பதிவு செய்யவும் உதவியது.

பின்னர் ஓலைச்சுவடியும் எழுத்தாணியும் வணிகரின் கருவிகளாயின. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவர், அரை, கால், அரைக்கால், மாகாணி எனத் தொடங்கி, 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரை மனத்தாலேயே கணக்கிட்டனர். அதன்பின் அச்சும், கணக்குப் பேரேடும், தட்டச்சும், கணினியும் அடுத்தடுத்து வந்தன. 2016இல் யூபிஐ அறிமுகமானது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டும் சிற்றூர் மளிகைக் கடையையும் கணினிக் கணக்கின் வட்டத்துக்குள் கொண்டுவந்தன. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்ததும், இந்நீண்ட வரிசையில் இன்னொரு கருவி சேர்ந்தது.

புதிய கருவியின் இயல்பு

இக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் அதன் வலிமையும் குறையும் ஒருங்கே விளங்கும். மிகப் பெருந்திரளான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்ட மொழி மாதிரி, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதற்கு வாய்ப்பு மிகுதி என்று கணித்து, சொல் சொல்லாக விடையை உருவாக்குகிறது. எனவே அது ஓட்டமாக எழுதும், மொழிபெயர்க்கும், நீண்டதைச் சுருக்கும். ஆனால் ஓட்டமாக எழுதப்பட்ட அனைத்தும் உண்மையாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. இல்லாத சட்டப்பிரிவையும் தவறான கூட்டுத்தொகையையும் அதே உறுதியான தொனியில் அது கூறக்கூடும். தமிழைவிட ஆங்கில எழுத்துகளே அதன் பயிற்சியில் மிகுதி என்பதால், தமிழ் விடைகளைக் கூடுதல் கவனத்தோடு படித்தல் நன்று.

இந்திய மொழிகளுக்கான முயற்சிகளும் நடைபெற்று வருகின்றன. நடுவண் அரசின் பாஷினி திட்டம் 2022 ஜூலையில் தொடங்கப்பெற்றது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு மொழிபெயர்ப்பு, பேச்சுணர்தல் மாதிரிகளை உருவாக்கி வெளியிட்டு வருகிறது. தட்டச்சு அறியாத முதியவரும் தமிழில் பேசியே செய்தியை எழுத்தாக்க இயலும் நிலை உருவாகிவருகிறது.

சிறுவணிகர்க்குப் பயன்படும் வழிகள்

முதலாவது, கணக்கு. கொள்முதல் பில்லைப் படமெடுத்துக் கொடுத்தால், பொருள், அளவு, விலை, வரி என்று அட்டவணையாக்கித் தரும் கருவிகள் உள்ளன. நாள்தோறும் இரவில் கண்ணாடியணிந்து பில்களைப் பெயர்த்தெழுதும் உழைப்பு இதனால் குறையும். ஆனால் கூட்டுத்தொகையைக் கணக்குச் செயலியிலோ கால்குலேட்டரிலோ சரிபார்த்த பின்னரே பேரேட்டில் ஏற்றவேண்டும். ஜிஎஸ்டி விகிதம் பற்றிய ஐயத்தைக் கணக்கரிடமே கேட்டுத் தெளியவேண்டும்.

இரண்டாவது, கடிதமும் விளம்பரமும். வங்கிக்குக் கடன் விண்ணப்பம், மொத்த வணிகருக்கு நினைவூட்டல், வாடிக்கையாளர் முறையீட்டிற்குப் பணிவான மறுமொழி ஆகியவற்றின் வரைவைச் சில நொடிகளில் பெறலாம். யாருக்கு, எதற்காக, எத்தனை வரிகளில், எத்தொனியில் என்று தெளிவாக ஏவினால் விடையும் தெளிவாக அமையும். ‘ஒரு விளம்பரம் எழுது’ என்பதைவிட, ‘செஞ்சிச் சந்தைக்கு வரும் குடும்பங்களுக்கு, செக்கில் ஆட்டிய மணிலா எண்ணெய் பற்றி, ஐந்து வரிகளில், மிகைப்படுத்தாமல் எழுது’ என்பது நல்ல ஏவல்.

மூன்றாவது, வாடிக்கையாளர் தொடர்பு. கடை திறக்கும் நேரம், பொருள் கிடைக்கும் நாள், அனுப்பும் செலவு என அடிக்கடி வரும் வினாக்களுக்கு முன்கூட்டியே விடைகளை எழுதி வாட்ஸ்அப் வணிகச் செயலியில் சேமித்து வைக்கலாம். அவ்விடைகளைத் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மும்மொழிகளில் எழுதுவிக்கக் கருவி உதவும்.

நான்காவது, கையிருப்பு. கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளின் மாதவாரி விற்பனையைக் கொடுத்தால், பொங்கல், மகாவீர் ஜயந்தி, அட்சய திருதியை, தீபாவளி ஆகிய நாள்களையொட்டி எப்பொருள் எவ்வளவு விற்றது என்பதைத் தொகுத்துத் தரும். அது காட்டுவது சென்ற காலத்தின் போக்கு மட்டுமே. இவ்வாண்டு மழை எப்படி, நெல் விலை எப்படி என்பதை வணிகரின் பட்டறிவே அறியும்.

ஐந்தாவது, உணவுத்தொழில். வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள் சேராத உணவுப் பொருள்களைச் செய்து விற்கும் சமணக் குடும்பங்கள், பொருட்பட்டியலையும் உறைக்குரிய வாசகங்களையும் கருவியின் துணையால் எழுதலாம். ஆயின் வாங்கிச் சேர்க்கும் ஒரு பொருளில் தேனோ விலங்குப் பொருளோ கலந்துள்ளதா என்பதைக் கருவியின் விடையை நம்பி முடிவு செய்தல் ஆகாது. உறையைப் படித்தும், உற்பத்தியாளரை வினவியும் அறிதலே முறை. உண்பவரின் விரதம் இதில் அடங்கியுள்ளது.

செஞ்சி வட்டாரத்திற்கு ஆறாவது பயன் ஒன்றும் உண்டு. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் படையரண் நிலப்பரப்புகளாகிய 12 கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அப்பன்னிரண்டில் தமிழகத்தில் உள்ளது இது ஒன்றே. கோட்டையைக் காண வருவோர்க்குத் தங்குமிடமும் உணவும் ஊர்தியும் அளிக்கும் சிறுவணிகர், பிரெஞ்சிலோ இந்தியிலோ உரையாட மொழிபெயர்ப்புக் கருவி துணைநிற்கும். இருபத்துநான்கு தீர்த்தங்கரர் வடிக்கப்பெற்ற திருநாதர் குன்றும், சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்த செய்தி கூறும் அங்குள்ள கல்வெட்டும், மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடமும், தொண்டூர்க் குகைத்தளமும் அவ்வழியிலேயே உள்ளன. அவற்றைப் பற்றிய சிறு கையேட்டைப் பல மொழிகளில் ஆக்குதல் இன்று எளிது. ஆனால் கருவி தானே கட்டிக் கூறும் வரலாற்றை அச்சிட்டுவிட்டால், பொய்யும் பல மொழிகளில் பரவிவிடும். எனவே கையேட்டின் செய்திகளைக் கல்வெட்டறிஞரின் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

அறிந்தோரைக் கேட்டல்

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சொல்லிலக்கணம் அறிந்த அவருக்கும் சமணக் கோட்பாடுகள் பற்றிய ஐயங்கள் எழுந்தன. கும்பகோணத்துச் சமண இல்லங்களுக்குச் சென்று, அந்நூலை வாழ்வோடு இணைத்துப் பயின்றவரிடம் கேட்டே அவர் பொருள் தெளிந்தார். பெரும்புலமைக்கே அறிந்தோர் துணை தேவைப்பட்டதாயின், சொற்களைக் கணித்துத் தரும் கருவியின் விடைக்கு அது தேவைப்படுதல் சொல்லாமலே விளங்கும்.

தொண்டூரில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. விண்ணகோவரையன் வயிரிமலையன் என்னும் தலைவர், வச்சிரசிங்க இளம்பெருமானடிகளுக்கும் அவர்தம் மாணாக்கர் வழியினர்க்கும் அளித்த கொடையை அது கூறுகிறது. அங்கிருந்த சமணப் பள்ளியின் பெயர் வழுவாமொழிப் பெரும்பள்ளி. சொல்லில் வழுவாமையைத் தன் பெயராகவே கொண்ட பள்ளி விளங்கிய மண்ணில், விற்பனைக்காக எழுதும் ஒரு வரியும் வழுவின்றி இருத்தல் பொருத்தமே.

அணுவிரதமும் விளம்பரமும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களைக் கூறும் தத்வார்த்த சூத்திரம், ஒவ்வொரு விரதத்திற்கும் நேரும் குற்றங்களையும் எண்ணிச் சொல்கிறது. வாய்மை விரதத்தின் குற்றங்களுள் ஒன்று கூடலேகக் கிரியை. அதாவது பொய்யாவணம் எழுதுதல். கள்ளாமை விரதத்தின் குற்றங்களுள் இரண்டு, அளவையையும் நிறையையும் கூட்டிக் குறைத்தலும், பிரதிரூபக வியவகாரம் எனப்படும் போலிப்பொருள் வாணிகமும் ஆகும். தமிழில் அருங்கலச்செப்பும் இல்லறத்தார் ஒழுக்கத்தை விரித்துரைக்கிறது.

இவை பழங்காலத் தராசுக்கும் ஓலைக்கும் மட்டும் உரியன அல்ல. எழுதாத வாடிக்கையாளர் பெயரில் கருவியைக் கொண்டு பாராட்டுரை எழுதுவித்தல் கூடலேகக் கிரியையே. கடையில் இல்லாத நகையை இருப்பதுபோல் படமாக்கிக் காட்டுதல் பிரதிரூபக வியவகாரமே. அரசும் இதனை உணர்ந்துள்ளது. இணையவழிப் பாராட்டுரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐஎஸ் 19000 என்னும் தரநிலையை 2022இல் வெளியிட்டது. வாடிக்கையாளரின் ஆதார் எண், வங்கி விவரம், கடன் நிலுவை ஆகியன அவர் நம்பி ஒப்படைத்தவை. அவற்றைப் பொதுக்கருவிகளில் இடுதல் கூடாது. தனிநபர் தரவுகளைக் காக்க 2023இல் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

‘நான் எழுதவில்லை, இயந்திரம் எழுதியது’ என்று கூறித் தப்பும் வழி சமண அறத்தில் இல்லை. தானே செய்தல் கிருதம். பிறரால் செய்வித்தல் காரிதம். செய்ததற்கு உடன்படுதல் அனுமோதனை. இம்மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது ஆன்றோர் துணிபு. கருவியை ஏவுபவர் காரிதத்திற்கு உரியவர்; அது தந்ததைப் படிக்காமல் அனுப்புபவர் அனுமோதனைக்கு உரியவர். நல்வினைக்கும் இதுவே நெறி. கண் மங்கிய முதிய வணிகர்க்குக் கணக்கெழுதிக் கொடுக்கவும், ஊரைவிட்டுப் பெயராமலே இளையோர் தொழில் நடத்தவும் இக்கருவி உதவுமாயின், அதன் பயனும் ஏவியவரையே சேரும்.

குடும்பங்களில் இதனைத் தொடங்குவோர், ஒரு மாதத்திற்கு ஒரு பணியை மட்டும் கருவியிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். கணக்கோ கடிதமோ எதுவாயினும், அதனால் மிச்சமான நேரத்தையும் நேர்ந்த பிழைகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலாம். பயன் மிகுதியெனில் அடுத்த பணிக்குச் செல்லலாம். பிழை மிகுதியெனில் விலக்கலாம். இளையோர் கருவியைக் கற்பிக்க, மூத்தோர் சரக்கின் தன்மையையும் சொல்லின் அளவையும் கற்பிக்க, இரு தலைமுறையும் ஒரே கல்லாப்பெட்டியின் அருகே அமரும் வாய்ப்பு அதனால் அமையும். உப்பு விற்றவரும் எண்ணெய் விற்றவரும் தம் காலத்துப் புதிய எழுத்தைக் கற்று, அதனைக் கொண்டு தம் பெயர் விளங்கத்தக்க அறத்தையே எழுதினர். அவர்தம் வழியினர் தம் பெயரால் வெளிவரும் ஒவ்வொரு பில்லும் விளம்பரமும் கல்லில் பொறித்தற்குத் தகுதியானதா என்று எண்ணிப் பார்த்து அனுப்புவார்களாக.