தோலை அளந்தவர்கள்

ஏழாம் நூற்றாண்டிலே, பல்லவர் ஆண்ட காலத்திலே, சீன நாட்டுப் பயணி யுவான் சுவாங் திராவிட நாட்டைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். அதன் தலைநகர் காஞ்சிபுரம் என்றார். நிலம் வளமானது, வெப்பம் மிகுந்தது என்றார். மக்களைப் பற்றி அவர் சொன்னவை மூன்று: துணிவுடையோர், வாய்மையில் பற்றுடையோர், கல்வியைப் போற்றுவோர். அம்மக்களின் தோல் என்ன நிறம் என்று அந்தக் குறிப்பிலே அவர் எழுதவில்லை. குணம் கண்டார், கல்வி கண்டார், அவை போதும் என்று கருதினார் போலும்!

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடின. வேறொரு நாட்டார் ஆள வந்தனர். அவர்களிலே சிலர் ஏடும் எழுதுகோலும் போதாவென்று அளவுகருவியையும் கையில் எடுத்தனர். மூக்கின் நீளத்தை அளந்தனர், அகலத்தை அளந்தனர், மண்டையை அளந்தனர், தோலின் நிறத்தைக் குறித்துக்கொண்டனர். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி என்பாரின் துணையோடு தொகுத்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதிலே கைக்கோளருக்கும் ஓர் இடம் உண்டு. காஞ்சியின் தறிகளிலே தலைமுறை தலைமுறையாகப் பாவும் ஊடையும் கோத்த மக்கள் அவர்கள்.

அதே 1909-ஆம் ஆண்டு, செப்டம்பர் 15-ஆம் நாள், அந்தக் காஞ்சியிலே நெசவாளர் குடும்பம் ஒன்றில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தை வளர்ந்து, 1942-இல் காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியது. 1967-இல் நாட்டின் இப்பகுதிக்கு முதலமைச்சராயிற்று. அண்ணாவின் மூக்கை அளந்து, நிறத்தைக் குறித்து, இவற்றையெல்லாம் எவரேனும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா? முடியாது. அளவுகருவிக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆயினும் அத்தகைய ஆற்றல் அதற்கு உண்டென்று ஒரு காலம் நம்பியது. அந்த நம்பிக்கையின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கிறோம்.

1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, இந்திய மக்களை ஏழு உடல் வகைகளாகப் பிரித்தார். கறுத்த நிறத்தையும் அகன்ற மூக்கையும் திராவிட வகையின் அடையாளமாக வைத்தார். மூக்கு அகல அகலச் சாதித் தகுதி தாழும் என்று ஒரு விதியே வகுத்தார். எண்கள் இருந்தன, அட்டவணைகள் இருந்தன, அரசின் முத்திரை இருந்தது. ஆகவே விஞ்ஞானம் என்று உலகம் ஏற்றது. எண் இருந்தால் மட்டும் விஞ்ஞானம் ஆகுமா? சோதிடனும் எண்களைத்தான் அடுக்குகிறான்! சோதனைக்குத் தலை கொடுப்பதே விஞ்ஞானம். ரிஸ்லியின் விதியைச் சோதித்தவர்கள் வந்தார்கள். 1932-இல் கோவிந்த் சதாசிவ் குர்யே, வடக்கே இந்துஸ்தானப் பகுதிக்கு வெளியே அவ்விதி பொருந்தவில்லை என்று காட்டினார். 1948-இல் அண்ணல் அம்பேத்கர், தீண்டப்படாதோர் பற்றிய தமது நூலில், அந்த மூக்களவுக் கணக்கையே எடுத்து வைத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தார் என்பதற்கு அதிலே சான்றில்லை என்று நிறுவினார். அளந்தவர்களின் கோலே அளந்தவர்களின் கொள்கையை முறித்தது.

நம் நாட்டுப் பழைய கூற்றுகளும் இதற்குச் சாட்சி சொல்லும். நால்வருணத்துக்கும் வெண்மை, செம்மை, மஞ்சள், கருமை என நான்கு நிறம் பேசுகிறது மகாபாரதத்தின் சாந்தி பருவம். அங்கேயே பரத்துவாசர் குறுக்கிட்டு, எல்லா வருணத்திலும் எல்லா நிறமும் கலந்து கிடக்கிறதே என்று ஐயம் எழுப்புகிறார். கறுத்த பார்ப்பானையும் வெளுத்த தாழ்குலத்தானையும் நம்பாதே என்ற பொருளில் ஒரு பழமொழியும் இங்கே உலவியது. நஞ்சு தோய்ந்த மொழிதான். ஆனால் அதன் வாயிலிருந்தே உண்மை வெளிப்படுகிறது பாருங்கள்! அங்கே கறுத்தவரும் உண்டு, இங்கே வெளுத்தவரும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. நிறம் சாதிவேலிக்கு அடங்கவில்லை. அடங்காததைக் கண்ட சாதி, தன் கணக்கைத் திருத்திக்கொள்ளாமல் மனிதனைச் சந்தேகித்தது!

வெண்மையே அழகென்று தமிழர் என்றும் நினைத்ததும் இல்லை. சங்கப் பாடல்களிலே தலைவியின் அழகுக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் கருமை கலந்த மேனி அது. தலைவன் பிரிந்தால் அந்த மேனி வெளிறும். அதற்குப் பசலை என்று பெயர். வெளிறுவது அன்று அழகன்று, நோய்! 'பசப்புறு பருவரல்' என்றே ஓர் அதிகாரம் வைத்தார் வள்ளுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இம்மக்கள் கறுப்பை உயர்வாகக் கருதுகின்றனர், குழந்தைகளுக்கு வாரந்தோறும் நல்லெண்ணெய் பூசி மேலும் கறுக்கச் செய்கின்றனர், தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுகின்றனர் என்று எழுதி வைத்தார். எண்ணெய் பூசினால் நிறமி கூடாது, அதுவும் மூடநம்பிக்கைதான். ஆனால் அந்த நம்பிக்கை எத்திசை நோக்கியது என்பதைக் கவனியுங்கள். நிறத்தின் மதிப்பு இயற்கை வகுத்ததன்று. காலந்தோறும் மனிதர் மாற்றி மாற்றி எழுதிய விலைச்சீட்டு.

இயற்கை வகுத்தது என்ன? தோலின் மேலடுக்குக்கு அடியிலே மெலனோசைட் என்னும் செல்கள் இருக்கின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, டைரோசினேஸ் என்ற நொதியின் துணையால் மெலனின் என்னும் நிறமியை அவை ஆக்குகின்றன. வெட்டிவைத்த உருளைக்கிழங்கு கறுப்பதும் இதற்கு உறவான வேதிவினைதான். கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. ஆக்கும் நிறமியின் அளவும் வகையும், அது பொதியப்பட்டுப் பரவும் முறையுமே வேறு. செல்லின் உட்கருவுக்கு மேலே குடைபோல் கவிந்து, கதிரவனின் புறஊதாக் கதிர் உள்ளே சென்று கேடு செய்யாமல் மெலனின் காக்கிறது. வெயில் கடுமையான நாடுகளில் அந்தக் குடை தடித்தது. வெயில் குறைந்த வடபுலங்களில், வைட்டமின் டி உண்டாவதற்குக் கதிர் உள்ளே நுழைய வேண்டியிருந்தது, குடை மெலிந்தது. இவ்விளக்கத்தை நீனா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000-இல் விரிவாக முன்வைத்தனர். குடைக்கும் குலத்துக்கும் என்ன தொடர்பு? குடைக்கும் அறிவுக்கும் என்ன தொடர்பு?

2005-இல் வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீனை ஆராய்ந்தவர்கள், நிறத்தை மாற்றும் ஒரு மரபணுவைக் கண்டார்கள். மனிதரிடமும் அது உண்டு. அதிலே ஓர் எழுத்து மாறினால் தோல் வெளுக்கிறது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தென்னிந்தியர் 1,228 பேரின் நிறத்தை அளந்து, அவர்களிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 27 விழுக்காட்டை அந்த ஓர் எழுத்தே விளக்குகிறது என்றது. இந்தியத் துணைக்கண்டத்தின் 54 மக்கட் குழுக்களில் 1,573 பேரைச் சோதித்தபோது, கூடக்குறைய எங்கும் அவ்வெழுத்து பரவிக் கிடந்தது. ஐரோப்பியரிடம் உள்ளதும் நம்மிடம் உள்ளதும் 22,000 முதல் 28,000 ஆண்டுகளுக்கு முந்திய ஒரே மூலத்தின் கிளைகள் என்றும் தெரிந்தது. ஸ்பெயின் நாட்டுக் குகையிலே கிடைத்த 7,000 ஆண்டுப் பழைய எலும்போ, அந்த ஐரோப்பியன் கறுத்த தோலும் நீலக் கண்ணும் உடையவனாக இருந்தான் என்று 2014-இல் சொல்லியது. வெள்ளையரின் முன்னோர் வீட்டிலும் கறுப்பர் இருந்தனர்!

அப்படியானால் ஆரியம், திராவிடம் என்பவை? 1856-இல் கால்டுவெல் நிறுவியது திராவிட மொழிக்குடும்பம். ஆரியம் என்பது மொழியைக் குறிக்கும் சொல், மண்டையோட்டையும் குருதியையும் அதனோடு கலக்கலாகாது என்று மாக்ஸ் முல்லரே 1888-இல் எச்சரித்தார். குடிபெயர்வுகள் நடந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் வரை, இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தார்கள் என்றும், அதன் பின்னரே அகமணம் இறுகியது என்றும் 2013-இல் வந்த மற்றொரு மரபணு ஆய்வு காட்டுகிறது. தூய குருதி எவரிடமும் இல்லை. கலப்பு பழையது, சாதிப்பூட்டுத்தான் பின்னே வந்தது. நம் போராட்டம் ஆதிக்கத்தோடு. எவருடைய தோலோடும் அன்று.

இங்கே நம் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவிலே, நிறவெறியால் நொந்தவர்களில் சிலர், மெலனின் மிகுந்தோரே அறிவிலும் ஆற்றலிலும் உயர்ந்தோர் என்று ஒரு கொள்கை கட்டினர். மூளையிலும் கருநிறமி இருக்கிறதே என்று சான்று காட்டினர். அந்த நிறமி தோலின் நிறமியினின்று வேறானது; தோலில் நிறமியே அற்றுப் பிறந்தோரின் மூளையிலும் அது இருக்கிறது. காயம்பட்டவரின் கோபத்தை நாம் உணர்கிறோம்; ஆனால் பொய்யைத் தலைகீழாக நிறுத்தினால் மெய்யாகிவிடாது. "கறுப்புத்தான் உயர்வு" என்று நாம் முழங்கினால், ரிஸ்லியின் அட்டவணையைக் கவிழ்த்துப் பிடித்துப் படிக்கிறோம் என்றுதான் பொருள். கறுப்பு இழிவன்று என்பதே நாம் சொல்வது. அது போதும், அது உண்மை.

அளவுகருவி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதன் வேலையைக் கடைத்தெரு எடுத்துக்கொண்டது. 1975-இல் சிவப்பழகுக் களிம்பு ஒன்று சந்தைக்கு வந்து வீடுதோறும் புகுந்தது. 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை மட்டும் நீக்கிக்கொண்டது. பெயர் தெரியாத வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். நிறமி ஆக்கும் நொதியை அது முடக்கும். சிறுநீரகத்தையும் சேர்த்தே முடக்கும். முகம் வெளுக்க உயிரைக் கரைப்பதா? பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட இப்பொருள்களுக்கு 2013-ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை தடை விதித்தும், விற்பனை நின்றபாடில்லை.

காஞ்சியிலே பச்சைவண்ணர்க்கு ஒரு கோயில். எதிரே பவளவண்ணர்க்கு ஒரு கோயில். கருங்கல் சிலைக்கு எண்ணெய் பூசி, பட்டு உடுத்தி, விழுந்து வணங்குகிறார்கள். அந்தக் கடவுள் உண்டா என்பது நம் வேறு வழக்கு. ஆனால் கல்லிலே எந்த நிறத்தையும் ஏற்பவர், மருமகளிடம் மட்டும் ஒரே நிறம் கேட்பது ஏன்? அதே ஊரின் முகூர்த்தப் பட்டை எடுத்துக்கொண்டு போகிற வீட்டார், "பெண் கொஞ்சம் நிறம் குறைவு" என்று சொல்லி நகையைக் கூட்டிக் கேட்பது ஏன்? நிறமிக்கு விலை வைத்து, அந்த விலையைப் பெண்ணின் தந்தையிடம் வாங்குவதற்கு அழகுணர்ச்சி என்று பெயரா? வணிகம் என்று பெயர்!

இளைஞர்களே! பெண் பார்க்கப் போகும் வீட்டிலே "நிறம் எப்படி?" என்ற கேள்வி எழுந்தால், அதை அந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள். பிறர் வீட்டிலே மட்டுமன்று, உங்கள் தாயும் அத்தையும் கேட்கும்போதும் சொல்லுங்கள். யுவான் சுவாங் கேட்டறிந்த மூன்றைக் கேளுங்கள்: துணிவு உண்டா, வாய்மை உண்டா, கல்வியில் பற்று உண்டா? மெலனின் தன் வேலையைத் தோலிலே பார்த்துக்கொள்ளும். அதற்கு நம் மூளையில் இடம் கொடுக்க வேண்டாம்.