அழுகிய முட்டை வாடையும் அறுபது வருஷ சந்தேகமும்

போர்வெல் தண்ணீரில் அழுகிய முட்டை வாடை வந்தால் என்ன செய்வோம்? மூக்கைப் பிடித்துக்கொண்டு பிளம்பருக்குப் போன் போடுவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜியாலஜி பேராசிரியர் எட்சன் பாஸ்டின் அந்த வாடையை வைத்து ஒரு பெரிய கேள்வி கேட்டார்.

பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து எண்ணெயோடு வரும் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தது. சல்ஃபேட்டை அப்படி மாற்றும் பாக்டீரியா உண்டு என்பது அப்போதே தெரியும். ஆனால் வெளிச்சமும் ஆக்சிஜனும் இல்லாத அந்த ஆழத்திலா? பாக்டீரியா நிபுணர் ஃபிராங்க் கிரீரோடு சேர்ந்து தண்ணீரைச் சோதித்தார். பாக்டீரியா வளர்ந்தது. 1926ல் கட்டுரை வெளியானது.

பலர் நம்பவில்லை. துளை போடும்போது மேலேயிருந்து நீங்களே கொண்டுபோன கிருமிதான் அது என்றார்கள். நியாயமான சந்தேகம்தான்! துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேற்றுக் குழம்பில் கிருமிக்கா பஞ்சம்? அது இல்லை என்று நிரூபிக்க பாஸ்டினிடம் வழியில்லை. விஷயம் அப்படியே கிடப்பில் போனது.

வழி பிறந்தது 1980களில். அணு ஆயுதங்களுக்குப் புளூட்டோனியம் தயாரித்த சவானா ரிவர் வளாகத்தில், நிலத்தடி நீர் கெட்டுப்போகுமோ என்ற கவலையில் அமெரிக்க எரிசக்தித் துறை துளை போட்டது. இந்த முறை துளையிடும் திரவத்தில் ஓர் அடையாளப் பொருளைக் கலந்தார்கள். எடுத்த மாதிரியின் வெளிப்பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் சோதித்தார்கள். (தேங்காய்க்கு மட்டை உரிப்பது மாதிரி!) நடுவில் அடையாளப் பொருள் இல்லை, பாக்டீரியா மட்டும் இருக்கிறது என்றால் அது அங்கேயே குடியிருப்பது. அரை கிலோமீட்டர் ஆழத்திலும் இருந்தது. அதைப் பார்க்க பாஸ்டின் உயிரோடு இல்லை.

அப்புறம் தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கம். 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை இடுக்குத் தண்ணீரில் ஏறக்குறைய முழுக்க ஒரே இன பாக்டீரியா. 2008ல் அதன் மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். யுரேனியத்தின் கதிரியக்கம் தண்ணீரைப் பிளக்க, வருகிற ஹைட்ரஜன்தான் அதற்குச் சாப்பாடு. சுவாசிப்பது? பாஸ்டின் சொன்ன அதே சல்ஃபேட்!

நம் நாட்டிலும் இந்தக் கதை தொடர்கிறது. 1967ல் பூகம்பம் வந்த மகாராஷ்டிராவின் கொய்னாவில் ஆய்வுக்காகத் துளையிட்டு எடுத்த பாறைகளில் நுண்ணுயிர்கள் இருப்பதை காரக்பூர் ஐஐடி குழு 2018ல் வெளியிட்டது. அவர்களும் முதலில் வெளிப்பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டுத்தான் சோதித்தார்கள்.

பாஸ்டினைச் சந்தேகப்பட்டவர்கள் சொன்னது தப்பு. ஆனால் அந்தச் சந்தேகம் இல்லையென்றால் சரியாகச் சோதிக்கும் வழியும் பிறந்திருக்காது.