நீர் மாத்திரை முகத்துக்கு வந்த கதை

1960-இல், சிகாகோவை ஒட்டிய ஸ்கோக்கியில் இயங்கிய சியர்ல் என்ற மருந்து கம்பெனியின் இரண்டு மாத்திரைகளுக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஒன்று எனோவிட். மாதவிலக்குக் கோளாறுகளுக்காக 1957 முதலே விற்பனையில் இருந்த அது, கருத்தடை மாத்திரையாக அந்த ஆண்டில்தான் அனுமதி பெற்றது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. மற்றொன்று ஆல்டாக்டோன். உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்கிவிடும் மருந்து. உள்ளே இருக்கும் சரக்கின் பெயர் ஸ்பைரனோலாக்டோன். டாக்டர்களைத் தவிர வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. முப்பதைத் தாண்டியும் முகப்பரு ஓயாத பெண்களுக்கு இன்று தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் முக்கியமானவை இந்த இரண்டின் வழி வந்தவைதான். தயாரித்தவர்களோ, முகத்தை நினைத்துத் தயாரிக்கவில்லை.

பதின்வயதுப் பரு நெற்றியிலும் மூக்கிலும் பொரிப் பொரியாய்க் கிளம்பும். வயது வந்த பெண்களுக்கு வருவது வேறு ரகம். தாடை ஓரம், முகவாய், கழுத்தின் மேல்பகுதி என்று கீழே இறங்கியிருக்கும். தோலுக்கு அடியில் கெட்டியாக உருண்டிருக்கும், தொட்டால் வலிக்கும், முனை கட்டாது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு தலைகாட்டி, பிறகு மெதுவாக அமுங்கும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் பரு போன இடத்தில் விழும் கருந்தடம் மறைய மாதக்கணக்காகும். அது மறைவதற்குள் பக்கத்தில் அடுத்தது. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில், இருபதுகளில் இருந்த பெண்களில் பாதிப் பேர் தங்களுக்குப் பரு இருப்பதாகச் சொன்னார்கள். நாற்பதுகளில் இருந்தவர்களிலும் 26 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். எந்த வயதுப் பிரிவிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

இவ்வளவு பரவலான ஒன்றுக்கு வைத்தியம் தேடிய வரலாறு பெருமைப்படும்படி இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பருவுக்கு எக்ஸ்-ரே கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை, சிறு அளவில், மாதக்கணக்கில். எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கின, பருவும் குறைந்தது. ஆனால் அப்படிக் கதிர் வாங்கியவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தைராய்டிலும் முகத் தோலிலும் புற்றுநோய் வந்தது. இன்னொரு பக்கம், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை. அது நம் வீடுகளில் மட்டும் கேட்ட குரல் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வைத்தியர்களும் பருவைப் பிரம்மச்சரியத்தோடு முடிச்சுப் போட்டவர்கள்தான்.

உண்மையான துப்பு 1941-இல் கிடைத்தது. பருவம் எய்துமுன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு முகப்பரு வருவதே இல்லை என்பதையும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால் பரு முளைக்கிறது என்பதையும் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். ஆண் ஹார்மோன் பெண் உடம்பிலும் சுரக்கிறது. சினைப்பையிலும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும். தோலின் எண்ணெய்ச் சுரப்பி அதைப் பிடித்து இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. எண்ணெய் பெருகுகிறது, துவாரம் அடைபடுகிறது, உள்ளே பாக்டீரியா பெருகி வீங்குகிறது. சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இரத்தத்திலேயே ஆண் ஹார்மோன் கூடுதலாக இருக்கலாம். ஆனால் தாடைப் பருவோடு வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கும். கோளாறு அளவில் இல்லை. அந்த அளவுக்கே துள்ளும் சுரப்பியில் இருக்கிறது. "ரிப்போர்ட் நார்மல்தானே, பிறகென்ன?" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர்.

இனி சியர்ல் கம்பெனிக்குத் திரும்பலாம். உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் குழுவோடு சேர்ந்து, 1953-இல் பிரித்தெடுத்தார்கள். அதன் வேலையைத் தடுக்கும் பொருளைத் தேடிய சியர்ல் வேதியியலாளர்களுக்குக் கிடைத்ததுதான் ஸ்பைரனோலாக்டோன். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்கள், இரத்த அழுத்தம் ஏறியவர்கள், இதயம் தளர்ந்து கால் வீங்கியவர்கள் என்று பலருக்கும் அது உதவியது. 1999-இல் வெளியான ரேல்ஸ் என்ற பரிசோதனையில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் மரணத்தை அது 30 சதவீதம் குறைத்தது.

ஆனால் மாத்திரை எடுத்த ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி வலித்தது. 1960-களிலேயே இது பதிவாகிவிட்டது. ரேல்ஸ் பரிசோதனையில் பத்தில் ஒரு ஆணுக்கு இந்தத் தொல்லை. காரணம் மெல்லப் புரிந்தது: ஸ்பைரனோலாக்டோன் உட்கார வேண்டிய இடத்தில் மட்டும் உட்காரவில்லை, ஆண் ஹார்மோனுக்கான ஏற்பியையும் போய் அடைத்துக்கொண்டது. இதய மருத்துவர்களுக்கு இது குறை. அந்தக் குறை நீக்கிய எப்லெரினோன் என்ற மருந்தை உண்டாக்கி 2002-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். பெண்களின் உடம்பில் இதே குறை வேறு பலன் தந்தது. இரத்த அழுத்தத்துக்காக மாத்திரை சாப்பிட்ட, சினைப்பை நீர்க்கட்டியும் இருந்த ஒரு பெண்ணுக்கு முகத்தில் வளர்ந்திருந்த முடி குறைந்ததை அமெரிக்க டாக்டர்கள் இருவர் 1978-இல் எழுதினார்கள். முடிக்குச் செய்வது பருவுக்கும் செய்யும் என்று ஊகிக்க நெடுநேரம் ஆகவில்லை. 1980-களில் தோல் மருத்துவர்கள் அதைப் பருவுக்கு எழுதத் தொடங்கினார்கள்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. பெர்லினின் ஷெரிங் கம்பெனி 1960-களில் சைப்ரோடிரோன் என்ற ஆண் ஹார்மோன் தடுப்பானைக் கண்டது. அதை ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்து டயான் என்ற மாத்திரையாக 1978-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஈஸ்ட்ரோஜன் அளவைக் குறைத்து டயான்-35 வந்தது. பருவுக்கான மருந்து என்று பெயர். கருத்தடைக்கும் அது வேலை செய்ததால் அதற்காகவே எழுதியவர்கள் ஏராளம். இரத்தக் கட்டியால் நேர்ந்த நான்கு மரணங்களோடு அது தொடர்புபடுத்தப்பட்டதும் 2013-இல் பிரான்ஸ் அதை நிறுத்திவைத்தது. ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்து, பூச்சு மருந்துக்கும் ஆன்டிபயாடிக்கிற்கும் மசியாத பருவுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று வரம்பு கட்டியபின் 2014 ஜனவரியில் பிரான்சில் மறுபடி விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் சைப்ரோடிரோனுக்கு அனுமதியே இல்லை. அங்கே வேறு கருத்தடை மாத்திரைகள் 1997 முதல் பருவுக்கும் அனுமதி பெற்றன. பிறகு வந்த யாஸ் மாத்திரையில் உள்ள டிராஸ்பிரினோன், ஸ்பைரனோலாக்டோனின் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சியர்ல் கம்பெனியின் இரண்டு 1960 மாத்திரைகளும் ஒரே அட்டையில் வந்து சேர்ந்தது போல.

ஸ்பைரனோலாக்டோன் பருவுக்கு வேலை செய்கிறது என்று 1980-களிலேயே தெரிந்துவிட்டதே, பிறகு ஏன் அது நாற்பது ஆண்டுகள் ஓரமாகவே நின்றது? 1986-இல் வெளியான பிரிட்டிஷ் பரிசோதனையில் கலந்துகொண்ட பெண்கள் முப்பது பேர்கூட இல்லை. அதற்குமேல் பெரிதாக நடத்த யாருக்கும் ஆதாயமில்லை. காப்புரிமை முடிந்த, விலை மலிந்த மாத்திரைக்கு எந்தக் கம்பெனி கோடிகளைக் கொட்டும்? எலிகளுக்கு மிக அதிக அளவில் நெடுநாள் கொடுத்தபோது கட்டிகள் வந்ததால், அமெரிக்க மருந்துக் குறிப்பில் எச்சரிக்கைக் கட்டமும் ஏறியது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பிரிட்டிஷ் பெண்கள் சுமார் 13 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து, இந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்று 2012-இல் ஓர் ஆய்வு சொல்லும்வரை அந்தப் பயம் தொடர்ந்தது. இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனாலும் பெண்ணின் முகத்துப் பரு அழகுப் பிரச்சினை, அதற்கென்ன அவசரம் என்ற மனப்போக்குக்கும் இந்தத் தாமதத்தில் பங்கு உண்டு. அந்த நாற்பது ஆண்டுகளில் டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின் என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்கினார்கள். கிருமிகள் மருந்துக்குப் பழகின.

இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் என்பது இன்னொரு அச்சம். இதய நோயாளிக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அது நியாயமான அச்சம். ஆரோக்கியமான இளம்பெண்களுக்கு? 2015-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 974 பெண்களின் பரிசோதனை முடிவுகளைத் திரட்டினார்கள். 1,802 அளவீடுகளில் பொட்டாசியம் கூடியிருந்தது 13-இல் மட்டும். மாத்திரை எடுக்காதவர்களிடம் காண்பதும் ஏறக்குறைய அதே விகிதம்தான். நம் ஊர் மருந்துக்கடையில் இருபத்தெட்டு வயதுப் பெண் ஆல்டாக்டோன் சீட்டை நீட்டினால், "அப்பாவுக்காம்மா?" என்று கேட்பார்கள். அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த குறிப்பில் இதயம் உண்டு, கல்லீரல் உண்டு, பரு என்ற சொல் இல்லை. டாக்டர் விளக்கிச் சொல்லாவிட்டால், அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசை இழுப்பறையில் போட்டுவிடுவாள்.

கடைசியில் பரிசோதனை நடந்தது, அரசுப் பணத்தில். பிரிட்டனின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனம் நிதி கொடுக்க, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் மிரியம் சாண்டர் தலைமையில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து மையங்களில் 410 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். சராசரி வயது 29. பாதிப் பேருக்கு ஸ்பைரனோலாக்டோன், பாதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லா மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. முதல் ஆறு வாரம் தினம் 50 மில்லிகிராம், பிறகு 100. பன்னிரண்டாவது வாரத்தில் பரு குறைந்ததாகச் சொன்னவர்கள் மருந்துப் பக்கம் 72 சதவீதம், மறுபக்கம் 68. இவ்வளவுதானா என்று தோன்றும். இருபத்துநான்காவது வாரத்தில் அது 82-க்கு 63 ஆனது. மருந்து எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் தலைவலி இருந்தது. கடுமையான பின்விளைவு எதுவும் இல்லை. 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. டாக்ஸிசைக்ளினோடு ஒப்பிட்ட பிரெஞ்சுப் பரிசோதனையிலும் ஆறாவது மாத முடிவில் ஸ்பைரனோலாக்டோனே முந்தியிருந்தது.

இந்த எண்களில் நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படுவது ஒன்று: மூன்று மாதத்தில் பலன் இல்லை என்று நிறுத்துகிறவர்கள், பலன் தெரியத் தொடங்கும் நேரத்தில் நிறுத்துகிறார்கள். தெரிந்தே இருக்க வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியை இந்த மருந்து பாதிக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகளும், கருத்தரிக்க முயல்கிறவர்களும் எடுக்கக்கூடாது. ஆண்களுக்குப் பருவுக்காகக் கொடுப்பதில்லை. ஆண் ஹார்மோனைத் தோலிலேயே தடுக்கும் கிளாஸ்கோடிரோன் என்ற பூச்சு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அது இருபாலருக்கும் உரியது. அறுபது ஆண்டு பழகிய ஸ்பைரனோலாக்டோனுக்குப் பருவுக்கான அமெரிக்க அனுமதி இல்லை. டாக்டர்கள் தம் பொறுப்பில்தான் எழுதுகிறார்கள்.

மாத்திரையை நிறுத்தினால் பலருக்குப் பரு திரும்புகிறது. அதனால் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் பரிசோதனையில் மருந்தையும் மருந்தில்லா மாத்திரையையும் ஒப்பிட்டது இருபத்துநான்கு வாரங்கள்தான். எத்தனை ஆண்டு தொடரலாம், எந்த அளவில் குறைத்து நிறுத்தலாம் என்பதையும் இதே நேர்த்தியோடு சோதித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனியும் அதற்குப் பணம் தரப்போவதில்லை; அரசுகள்தான் தர வேண்டும், இன்னொரு நாற்பது ஆண்டு காத்திருக்காமல்.