கடப்பாரையும் பூமாலையும்: திருமலை நந்தவனத்தின் நீர் வரலாறு

திருமலைக் கோயிலின் மகாதுவாரத்தில் ஓர் இரும்புக் கடப்பாரை மாட்டப்பட்டுள்ளது. இராமாநுசரின் மாணாக்கரான அனந்தாழ்வான் ஏரி வெட்டப் பயன்படுத்திய கருவி அது என்பது வைணவ மரபு. வேங்கடவனுக்குப் பூத்தொண்டு செய்ய மலைக்குச் செல்வார் யார் என்று ஆசாரியர் வினவியபோது அவர் முன்வந்தார். நந்தவனத்துக்கு நீர் வேண்டிக் கருவுற்றிருந்த மனைவியோடு மண் சுமந்து ஏரி அமைத்தார் என்று அம்மரபு கூறும்.

இக்கதையைக் கொண்டு காலத்தை வரையறுக்க இயலாது. ஆயினும் ஒரு மரபு எதை நினைவில் நிறுத்தியது என்பதும் வரலாற்றுச் சான்றே. பூத்தொண்டின் அடையாளமாக வாயிலில் இருப்பது பூக்குடலையன்று. மண்ணை அகழும் கருவி.

இதற்கு நிலவியல் சார்ந்த காரணம் உண்டு. திருமலை கடினமான குவார்ட்சைட் பாறையால் ஆனது. பெய்யும் மழையில் பெரும்பகுதி பாறைமேல் வழிந்து ஓடைகளாகவும் அருவிகளாகவும் கீழிறங்கிவிடும்; தேக்கினாலன்றிக் கோடையில் தோட்டத்துக்கு நீர் எஞ்சாது. ‘புஷ்ப மண்டபம்’ என்று சம்பிரதாயம் போற்றும் மலையில் பூவுக்கு முன்னரே ஏரி வந்தாக வேண்டும்.

மலையடிவார ஊர்களில் இதே நீர்ச்சிக்கலை விசயநகரக் காலக் கோயில் வேறு வகையில் எதிர்கொண்டது. திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. பொற்கொடைகள் பலவற்றில் ஒரே நடைமுறையைக் காணலாம். கொடையாளர் செலுத்திய பொன் கருவூலத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. கோயிலுக்குரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்ட அது செலவாயிற்று. பெருகிய விளைச்சலிலிருந்து கொடையாளர் பெயரால் அமுதுபடி நடந்தது. பக்தி நீராகி, நீர் நெல்லாகி, நெல் மீண்டும் திருவமுதாயிற்று. பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட கட்டுரை, இச்சான்றுகளைக் கொண்டே கோயிலின் பொருளியற் பணியை விளக்கியது.

திருப்பதி 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு உருவான சித்தூர் மாவட்டத்தில் பின்னர்ச் சேர்ந்தது. மாவட்ட எல்லை மாறினும் நீர்ச்சொற்களின் உறவு மாறவில்லை. தமிழில் ஊற்று, தெலுங்கில் ஊட்ட. தமிழில் கால்வாய், தெலுங்கில் காலுவ. கல்வெட்டைத் தமிழ் மாணவரும் நிலத்தைத் தெலுங்கு மாணவரும் தனித்தனியே படித்தால் இவ்வரலாறு இரண்டாகப் பிளந்துவிடும்.

இன்று கோகர்ப்பம், பாபவிநாசம், குமாரதாரா, பசுப்புதாரா அணைகள் திருமலைக்காக நீர் தேக்குகின்றன. கோயில் பொன் வெட்டிய பழைய ஏரிகளுள் எவை இன்னும் நீர் பிடிக்கின்றன? கொடைப் பொன்னின் அளவைக் கணக்கிடும் ஆய்வு, கல்வெட்டு குறிக்கும் ஊர்களுக்கு நேரில் சென்று இவ்வினாவுக்கும் விடை தேட வேண்டும்.